ஒரே டப்பாவில் கொட்டிய அரிசி

கடைத்தெருவில் அவருக்கு முத்திரை என்று பெயர். தராசு, எடைக்கல், படி, லிட்டர் குவளை இவற்றைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வாளராக இருந்தவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் தராசுத் தட்டின் அடியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். எந்தக் கடையிலும் ஒரு வாய் டீ குடித்தவரில்லை என்பது மிகையில்லை. ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவரும் அதை விட விரும்பியதாகத் தெரியவில்லை.

நேர்மையானவர்கள் பலரிடம் இருக்கும் ஒரு குறை அவரிடமும் இருந்தது. அளக்க முடியாத எதைப் பற்றியாவது யாராவது பேசினால், அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். வீட்டில் அந்தச் சந்தேகத்துக்கு நாள்தோறும் தீனி கிடைத்தது. மனைவி சமையலறையில் எதையும் அளந்து போட்டவளில்லை.

"எவ்வளவு தண்ணி வச்ச?"

"வேண்டிய அளவு."

"வேண்டிய அளவுன்னா?"

"ஏங்க, சோறு நல்லா இருக்கா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன, முத்திரையக் குத்திட்டு எந்திரிங்க."

அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். சிரித்திருக்கலாம். அது அவருக்கு வராது.

இன்னொரு விஷயம் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அலமாரியில் பச்சரிசிக்கு மட்டும் இரண்டு டப்பாக்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. இரண்டிலும் இருந்தது ஒரே கடையில் வாங்கிய ஒரே அரிசி. புதிதாக மூட்டை வந்தால் குட்டை டப்பாவில் போட்டு மூடி, மாதக்கணக்கில் தொடமாட்டாள். உயர டப்பாவில் இருப்பதை வழித்துத் துடைத்து முடித்த பிறகுதான் அதைத் திறப்பாள். ஒருமுறை கேட்டார்.

"ஒரே அரிசிக்கு எதுக்கு ரெண்டு டப்பா? இடம் அடைக்குது."

"ரெண்டும் வேற."

"என்ன வேற? ஒரே பேரு, ஒரே கடை."

"ஆக்கிப் பார்த்தா தெரியும்."

அவர் ஆக்கிப் பார்க்கவில்லை. அதற்கு அவசியம் நேரவில்லை.

பிறகு நேர்ந்தது. ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. விழுங்குவதும் போனது. மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு மூன்று வாரம் வைத்திருந்தார்கள். அதை அவள் இடது கையால் இரண்டு தடவை பிடுங்கி எறிந்தாள். மூன்றாவது தடவை பிடுங்காமலிருக்க அந்தக் கையைக் கட்டில் கம்பியில் துணியால் கட்டிவைத்தார்கள். கட்டப்பட்ட கையைப் பார்த்துவிட்டு அவள் அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் அவள் அப்படி அவரைப் பார்த்ததில்லை. திட்டும் பார்வை என்றால் அவருக்குப் பழக்கம். இது கெஞ்சுகிற பார்வை.

குழாயை எடுத்த அன்று அவள் காதருகே குனிந்து, "இனிமே இது உனக்கு வராது. நான் பார்த்துக்கறேன்" என்றார். எதற்கும் உறுதி சொல்லாத மனிதர் அவர். அலுவலகத்தில் ஒரு தராசைக்கூட மூன்று தடவை நிறுத்துப் பார்க்காமல் சரி என்று சொன்னதில்லை. இந்த வாக்கை எதையும் நிறுத்துப் பார்க்காமல் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் சமையலறைக்குள் போனார். சமையல்காரம்மாள் ஒருவரை வைத்துவிடலாம் என்று மகள் சொன்னாள். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிக் குடியிருந்தவள், வேலைக்கும் போகிறவள். அவர் மறுத்துவிட்டார். வேறு ஒருவர் கைக்கு அந்த வாக்கைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அன்பு என்று இதைச் சொல்லலாம். பிடிவாதம் என்று சொன்னாலும் தவறில்லை.

அந்த வீட்டில் சோறு என்பது ஒரு பொருளாக இருக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். அதனால் தவிடு நீக்காத சிவப்பரிசி. மூன்று மணி நேரம் ஊறவேண்டும், குக்கரில் ஏழு விசில். ஞாயிற்றுக்கிழமை வரும் மகளுக்கும் மருமகனுக்கும் புழுங்கலரிசி. கொதிக்கவைத்து வடித்து, பருக்கை பருக்கையாக நிற்கவேண்டும். மனைவிக்குக் காலையில் நொய்க்கஞ்சி, மதியம் பச்சரிசிச் சோறு. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிராம், இத்தனை மில்லி தண்ணீர், இத்தனை நிமிடம் என்று அட்டவணை போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அரிசியைச் சின்னத் தராசில் நிறுத்தார். அடுப்பருகே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். முதல் வாரம் மூன்று பானை தீய்ந்தது. நான்காவது வாரம் எதுவும் தீயவில்லை.

"அப்பா, நீங்க சோறு ஆக்குறீங்களா, சோதனை பண்றீங்களா?" என்றாள் மகள், கதவின் உள்பக்கத்தைப் பார்த்து.

"நேத்து மாதிரியே இன்னைக்கும் இருக்கணும்ல."

"அதுக்காக? கொதிக்கிறத ஒரு தடவ கண்ணால பாருங்கப்பா. அம்மா என்னைக்காவது கடிகாரம் பார்த்திருக்காங்களா?"

"உங்கம்மா கையில ஏதோ இருந்துச்சு. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

மகள் புழுங்கலரிசிச் சோற்றை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

விழுங்கும் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஓர் இளம்பெண் வந்தாள். கண்டிப்பானவள். அவளுக்கு மட்டும் முத்திரை பயந்தார். முதல் கட்டத்தில் சோற்றை மசித்து, பருக்கையே தெரியாத கூழாக ஊட்டச் சொன்னாள். ஒரு கரண்டி உள்ளே போனதும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவேண்டும். இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி. அவர் ஒவ்வொரு வேளையும் இதைச் செய்தார். ஒரு சின்னக் கிண்ணம் சோறு ஊட்ட ஐம்பது நிமிடம் ஆகும். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி தந்தாள்.

"இனிமே மசிக்க வேண்டாம் சார். ஆனா நல்லாக் குழைஞ்சிருக்கணும். எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி. பாதி தண்ணியா, பாதி கெட்டியா இருந்தா அம்மாவால சமாளிக்க முடியாது. தண்ணிய முழுங்குறதா, கெட்டிய முழுங்குறதான்னு தொண்டை குழம்பிரும்."

"ஒரே மாதிரிதான் இருக்கும்மா. அட்டவணை இருக்கு."

"இன்னும் ஒரு மாசம் இப்படியே போச்சுன்னா சாதாரணச் சோறே கொடுக்கலாம். நெஞ்சுல சளி கட்டாம, காய்ச்சல் வராம இருக்கணும். வந்துச்சுன்னா மறுபடி குழாய்தான்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவள் தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தினாள். சக்கர நாற்காலியிலிருந்த மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். பேச்சு போனதே தவிர, காதும் அறிவும் எங்கும் போகவில்லை.

பேச்சுக்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். மனைவிக்கு ஏதாவது வேண்டுமென்றால் நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் தட்டுவாள். அவர் வந்து வரிசையாகக் கேட்பார். தண்ணியா? பாத்ரூமா? முதுகு வலிக்குதா? ஜன்னலைத் திறக்கணுமா? ஃபேனா? பொண்ணுக்கு ஃபோன் போடணுமா? படுக்கணுமா? ரேடியோவா? மொத்தம் எட்டுக் கேள்விகள். ஆமாம் என்றால் ஒரு விரலைத் தூக்குவாள். இல்லையென்றால் கையை மூடிக்கொள்வாள். பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது கேள்விக்குள் விரல் தூக்கிவிடுவாள். ஒரு மனுஷிக்கு வேண்டியதெல்லாம் எட்டுக்குள் அடங்கிவிடும் என்று அவர் நம்பினார்.

மசிக்காத சோறு தொடங்கி மூன்று வாரம் நன்றாகப் போனது. மனைவி இரண்டாவது கிண்ணமும் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அந்தச் சமயத்தில் உயர டப்பாவில் அரிசி குறைந்தது. குட்டை டப்பா முன்பே காலி. அவர் கடைக்குப் போனார்.

"அதே பச்சரிசிதானே?"

"அதேதான் சார். உங்ககிட்ட மாத்திக் கொடுத்துட்டு நான் இந்தத் தெருவுல கடை நடத்த முடியுமா?" என்று கடைக்காரர் சிரித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அதே அரிசிதான். மூட்டை வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இந்த வருட அறுவடை.

வீட்டுக்கு வந்து புதிய பையைப் பிரித்தார். இரண்டு டப்பா என்ற பழைய உறுத்தலைத் தீர்த்துக்கொள்ள இதுதான் நேரம் என்று தோன்றியது. உயர டப்பாவில் இருந்த பழைய அரிசியை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, புதியதை உள்ளே கொட்டினார். பழையதுதான் முதலில் தீரவேண்டும் என்பதால் அதை மேலே போட்டார். மூடி பொருந்தவில்லை. டப்பாவைத் தரையில் நாலு தட்டுத் தட்டி, கையை விட்டுக் கிளறிச் சமன்படுத்தி மூடினார். குட்டை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். அலமாரியில் ஓர் இடம் காலியானது.

சமையலறை வாசலில் நாற்காலியில் இருந்த மனைவி தட்டினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தண்ணியா? கை மூடியிருந்தது. பாத்ரூமா? முதுகா? ஜன்னலா? ஒவ்வொன்றாக எட்டும் முடிந்தது. கை மூடியே இருந்தது. அவள் கண் அவரைத் தாண்டி உள்ளே போயிற்று. அவரும் திரும்பிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது, குழாய் சொட்டவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து கேட்டார். அவள் மறுபடி தட்டினாள், கொஞ்சம் வேகமாக.

"என்னன்னு தெரியலயேம்மா" என்றார்.

அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

மறுநாள் மதியம் பச்சரிசியை அளந்து போட்டார். அட்டவணைப்படி முப்பத்தைந்து நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் மூடியைத் திறந்தபோதே சோறு வழக்கத்தைவிடக் குழைந்து, தண்ணீர் பால்போல் கெட்டியாகித் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் அடிபிடித்துவிடும். மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணால் பார்த்தார். வெந்துவிட்டது என்று கண் சொன்னது. வாழ்க்கையில் முதல் தடவையாக அளவை விட்டுக் கண்ணை நம்பி அடுப்பை அணைத்தார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

நான்காவது கரண்டியில் மனைவி இருமினாள். இருமல் நிற்கவில்லை. முகம் சிவந்து, பிறகு நிறம் மாறியது. அவளை முன்னால் சாய்த்து முதுகில் அடித்தார். வாயிலிருந்து வெள்ளைக் கூழும் இரண்டு மூன்று பருக்கைகளும் விழுந்தன. மூச்சு இழுத்தது. கீழ்வீட்டு ஆட்டோக்காரர் ஓடிவந்து தூக்கினார்.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மூக்கில் மறுபடி குழாய். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரிடமும் மகளிடமும் சொன்னார்.

"மூணு வாரமா நல்லாப் போயிட்டு இருந்துச்சுன்னு சொல்றீங்க. அப்படியிருந்தும் இன்னைக்கு நெஞ்சுக்குள்ள போயிருக்குன்னா, விழுங்குற சக்தி திரும்பக் குறையுதுன்னு அர்த்தம். இது இனிமே முன்னேறும்னு எனக்குத் தோணல. காய்ச்சல் குறைஞ்சதும் வயித்துல சின்னதா துளை போட்டு, நிரந்தரமா ஒரு குழாய் வச்சிரலாம். மூக்குக் குழாய் மாதிரி தொந்தரவு இருக்காது."

"நிரந்தரமான்னா?" என்றாள் மகள்.

"அதுலதான் இனிமே சாப்பாடு."

மகள் அழுதாள். அவர் அழவில்லை. மாற்றுத்துணியும் பழைய மருத்துவக் காகிதங்களும் எடுத்துவர அவரை வீட்டுக்கு அனுப்பினாள். "காலையில வந்தாப் போதும்பா. நான் இருக்கேன். நீங்க ஏதாவது சாப்பிடுங்க" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நோய் முற்றுகிறது, யார் என்ன செய்யமுடியும் என்று எல்லாருமே ஏற்றுக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது.

பானை அடுப்பில் அப்படியே இருந்தது. பசித்ததால் அதிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, நின்றபடியே வாயில் வைத்தார். மென்றவர் நிறுத்தினார். கூழுக்கு நடுவில் ஏதோ நறுக்கென்றது. கல் என்று நினைத்துத் துப்பிப் பார்த்தார். கல் இல்லை, அரிசி. விரலால் நசுக்கினார். மேலே மெத்தென்று, உள்ளே ஊசிமுனைபோல ஒரு வெள்ளைக் கரு. அடுத்ததை நசுக்கினார், கரைந்தே போனது. அடுத்தது கரைந்தது. அதற்கடுத்தது கருவோடு நின்றது.

டப்பாவைத் திறந்து ஒரு பிடி வேகாத அரிசியைக் காகிதத்தில் பரப்பிக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஒரு கண்ணாடியை மாற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டார். முப்பத்து நான்கு வருடம் பழகிய கண், பார்க்கத் தொடங்கியதும் பார்த்துவிட்டது. சில மணிகள் லேசாக மஞ்சளோடியிருந்தன. சில வெளுத்து, மாவு படிந்து இருந்தன. ஊசியால் ஒன்றொன்றாகத் தள்ளி இரண்டு குவியலாகப் பிரித்தார். பிறகு இரண்டிலும் சமமாக எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் ஒரே அளவு தண்ணீரில் வேகவைத்தார். இருபது நிமிடத்தில் புதியது குழைந்து தண்ணீரோடு தண்ணீரானது. பழையது முப்பத்தைந்தாவது நிமிடம் வரை கருவை விடவில்லை. ஒரே பெயர், ஒரே கடை. ஒரு வருட வயது வித்தியாசம். அவ்வளவுதான்.

நாற்காலி வாசலில் காலியாக நின்றது. நேற்று அவள் எதைக் கேட்டாள் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவள் எதையும் கேட்கவில்லை, சொன்னாள். கேட்பதற்கு மட்டும்தான் அவர் வழி வைத்திருந்தார்.

அவர் அந்த இரவில் என்ன நினைத்தார் என்பதை ஊகித்து எழுதுவது சுலபம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. பழியை நோய் வாங்கிக்கொண்டுவிட்டது. அது எதையும் மறுத்துப் பேசாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் நல்ல கணவர் என்ற பெயர் மிஞ்சும், மனைவிக்கு வயிற்றில் துளை விழும். திறந்தால் இரண்டும் மாறலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வெளியிலிருப்பவர் சொல்லலாம். அவர் யோசித்தார். காலையில் பஸ்ஸுக்காக நிற்கும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். முதல் பஸ்ஸை விட்டுவிட்டார்.

மருத்துவமனையில் மருத்துவர் சுற்றுக்கு வந்தபோது மகளும் பக்கத்தில் இருந்தாள்.

"டாக்டர், ஒரு விஷயம். அவளுக்கு முழுங்க முடியாம புரையேறல. நான் கொடுத்த சோறு சரியில்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

இரண்டு சின்னக் கிண்ணங்களை மூடியோடு பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். புது அரிசியையும் பழைய அரிசியையும் கலந்தது, ஐந்து நிமிடம் முன்னால் அணைத்தது, எல்லாவற்றையும் அலுவலக அறிக்கைபோல வரிசையாகச் சொன்னார். மருத்துவர் முதலில் பொறுமையிழந்தார். பிறகு ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இந்த மாதிரி கலவை கொடுத்தா நல்லாருக்குறவங்களுக்கே சில சமயம் புரையேறும்" என்றார். "அப்போ நான் நேத்து சொன்னத நிறுத்திவைப்போம். ஆனா இப்ப இருக்குற குழாய எடுக்க முடியாது. நெஞ்சு இன்னொரு தடவ தாங்காது. ஒரு மாசம் இது இருக்கட்டும். அப்புறம் சோதிச்சுப் பார்க்கலாம். சரியாகும்னு நான் வாக்குக் கொடுக்கல."

"வேண்டாம், கொடுக்காதீங்க" என்றார் அவர்.

மருத்துவர் போனபின் மகள் சொன்னாள்: "எத்தன தடவ சொன்னேன், ஆள் வச்சிருவோம்னு. எல்லாம் உங்களுக்குத் தெரியும். கடைக்காரங்க மட்டும்தான் தப்புப் பண்ணுவாங்க, இல்ல?"

"கண்ணால பாருன்னு நீயும் சொன்ன."

சொன்ன உடனே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தார். மகள் முகம் சுருங்கியது. "சரி, என் மேலயும் போடுங்க" என்றாள். "இனிமே நீங்க அடுப்புப் பக்கம் போகக் கூடாதுப்பா. அவ்வளவுதான்." அவர் தலையாட்டினார்.

பிறகு கட்டிலருகே போய் மனைவியிடம் சொன்னார். அதே வரிசையில்தான் சொன்னார். அவளுடைய இடது கை கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் அவளுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. மன்னித்தாளா என்று சொல்ல அந்த முகத்தில் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தாள். அரிசியை மாவாக அரைத்துக் காய்ச்சி, இரண்டு தடவை துணியில் வடிகட்டியது. "வீட்டுக்குப் போனதும் யாராவது இதச் செய்யணும். கத்துக்குங்க" என்று ஊசிக்குழலை அவர் கையில் கொடுத்தாள்.

"எந்த அரிசில காய்ச்சணும்?"

"எதுவா இருந்தா என்ன சார்? குழாய்லதான போகுது. நாக்குக்கா தெரியப்போகுது?"

குழலைக் குழாயில் பொருத்தி, தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். கஞ்சி மெதுவாக, கோடு கோடாகக் கீழே இறங்கியது. அளவுக் கோடுகளை அவர் பார்க்கவில்லை. மனைவியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி இறங்கியிருக்கும்போது அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாயில் எதுவுமில்லை, வெறும் எச்சில்.

இருமல் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. தோள் கடுத்தது. முழுக்க இறங்கும்வரை கையைத் தாழ்த்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.